பேர் சொல்லி அழைக்காத சிநேகிதம்

நமக்கு ஆவணி அவிட்டம், வடக்கே ரக்ஷா பந்தன். அந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் சாயங்காலம் சத்தீஸ்கர் கிராமங்களின் குளக்கரைகளில் கூட்டம் சேரும். பெண் பிள்ளைகள் தலையில் மூங்கில் கூடைகளைச் சுமந்துகொண்டு, கங்கையைக் கூப்பிடும் பாட்டுகளைப் பாடியபடி வரிசையாக வருவார்கள். கூடைக்குள் ஒரு சாண் உயரத்துக்குக் கோதுமை நாற்று நிற்கும். மண் நிரப்பி விதைத்து, மஞ்சள் நீர் தெளித்து, வெயில் படாத இருட்டு மூலையில் வளர்த்ததால் பச்சை பிடிக்காமல் பொன்னிறமாக இருக்கும். இதற்குப் பெயர் போஜலி. மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் முளைப்பாரி எடுத்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டியதில்லை.

முளைப்பாரியில் இல்லாத ஒன்று, கூடைகளைக் கரைத்த பிறகு நடக்கிறது. எல்லா நாற்றையும் தண்ணீரில் விட்டுவிடுவதில்லை. ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு கரையேறுவார்கள். பெரியவர்களுக்குக் கொடுத்துக் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பிறகு ஒரு பெண் தன் மனசுக்குப் பிடித்த இன்னொரு பெண்ணைத் தேடிப் போய், இரண்டு மூன்று நாற்றை அவள் காதோரம் செருகுவாள். அவளும் பதிலுக்குச் செருகுவாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இவளுக்கு அவள் போஜலி, அவளுக்கு இவள் போஜலி. வீட்டில் வைத்த பெயர் இருவருக்குள்ளும் அத்தோடு ஓய்ந்துவிடும். எங்கே பார்த்தாலும் 'சீதாராம் போஜலி' என்றுதான் வணக்கம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இரண்டு பேரும் வேறு வேறு ஊருக்குப் போனாலும், பேரன் பேத்தி எடுத்தாலும், இந்த உறவுக்கு முடிவு கிடையாது.

நட்பைச் சடங்கு செய்து, சாட்சி வைத்து, ஆயுள் முழுவதற்கும் உறுதி செய்துகொள்ளும் இந்த வழக்கத்தை அங்கே 'மிதான் பதனா' என்கிறார்கள். மிதான் என்றால் நண்பன், மிதானின் என்றால் தோழி. நட்பு எந்தப் பொருளைக் கைமாற்றித் தொடங்கியதோ, அந்தப் பொருளின் பெயரே நண்பரின் பெயராகிவிடும். நவராத்திரியில் வளர்க்கும் முளையை மாற்றிக்கொண்டவர்கள் 'ஜவாரா'. காசிக்குப் போனவர் கொண்டுவந்த செம்புத் தீர்த்தத்தை மாற்றிக்கொண்டவர்கள் 'கங்காஜல்'. ரத யாத்திரையின்போது பிரசாதமாகக் கிடைக்கும் முளைவிட்ட பாசிப்பயறைப் பகிர்ந்துகொண்டவர்கள் 'கஜாமூங்'. பஸ்தரில் நடக்கும் கோஞ்சா திருவிழாவில் இப்படிச் சேர்ந்த ஜோடிகள் நிறைய. துளசி இலையில் தொடங்கிய நட்பும் உண்டு.

இவற்றில் மிகவும் கனமானது 'மகாபிரசாதம்'.

ஒடிசாவின் புரி ஜகந்நாதர் கோயிலில் நிவேதனமான சோற்றை வெயிலில் உலர்த்தி, சின்னப் பொட்டலமாகக் கட்டி, யாத்திரிகர்கள் ஊருக்குக் கொண்டுபோவார்கள். இற்றுப்போகாத அந்த உலர்ந்த பருக்கைகள் ஆண்டுக்கணக்கில் பூஜை அறையில் இருக்கும். சாகக் கிடப்பவர் வாயில் ஒரு பருக்கை போடுவார்கள். ஒடியாக்கள் கல்யாணம் நிச்சயம் செய்வதும் மகாபிரசாதத்தைக் கையில் வைத்துத்தான். அதைச் சாட்சியாக வைத்துக் கொடுத்த வாக்கை மீறுவது பெரும் பாவம் என்பது நம்பிக்கை. அந்தச் சோற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. புரியின் ஆனந்த பஜாரில் ஒரே பானைச் சோற்றைச் சாதி பார்க்காமல் உட்கார்ந்து சாப்பிடலாம். எச்சில், தீட்டு எதுவும் அதை அண்டாது என்பார்கள். யார் கையால் யார் சாப்பிடலாம் என்பதைக் கறாராக வகுத்து வைத்திருந்த சமூகத்தில், யாரும் யாருக்கும் ஊட்டிவிடக்கூடிய உணவு அது ஒன்றுதான். வேறு வேறு சாதியில் பிறந்த இரண்டு பேர் நட்பை உறுதிசெய்துகொள்ள மகாபிரசாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் நுட்பத்தை வியக்காமல் இருக்க முடியாது.

சடங்கு எளிமையானது. நல்ல நாள் பார்த்து இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் கலசம். ஒருவருக்கொருவர் நெற்றியில் திலகமிட்டு, தேங்காயும் துணியும் மாற்றிக்கொண்டு, அந்தப் பருக்கையை ஒருவர் வாயில் ஒருவர் போடுவார்கள். சுற்றத்தாரும் ஊராரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுந்திருக்கும்போது இரண்டு தனி மனிதர்கள் மட்டுமல்ல, இரண்டு குடும்பங்களும் சேர்ந்திருக்கும். நண்பனின் அப்பா அம்மாவை 'மலர்த் தந்தை', 'மலர்த் தாய்' என்று பொருள்படும் சொற்களால் அழைக்க வேண்டும். நண்பனின் மனைவி தன் மனைவிக்குத் தானாகவே மிதானின் ஆகிவிடுவாள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து அரிசியும் துணியும் போகும். சாவு விழுந்தால் உறவினரைப் போலவே முன்னால் நிற்க வேண்டும்.

இத்தனை விதிகளிலும் ஒன்று தனித்துத் தெரிகிறது. அந்த ஊர்களிலும் உறவுமுறை என்றாலே ஏற்ற இறக்கம்தான். அண்ணன் என்றால் தம்பிக்கு மேலே, மாமியார் என்றால் மருமகளுக்கு மேலே, பெண் எடுத்த வீடு பெண் கொடுத்த வீட்டுக்கு மேலே. மிதான் உறவில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பெயர். பண்ணை வைத்திருப்பவனும் 'மகாபிரசாதம்', அவனுக்குப் பால் கறந்து கொடுக்கும் ராவுத் இடையனும் 'மகாபிரசாதம்'. கூப்பிடும்போதே மேல் கீழ் அடிபட்டுப் போகிறது. கொடுத்ததற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், போனால் பதிலுக்கு வர வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிடுமளவுக்கு உரிமை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மற்ற விதிகளும் அந்தச் சமநிலைக்குக் காவல் நிற்கின்றன. நட்பு தானாக மலரும், தானாக நிற்கும் என்று விட்டுவிடாமல், ஒருவர் மற்றவர் தலையில் ஏறிவிடாதபடி வேலி கட்டி வைத்தார்கள் கல்வியறிவு எட்டாத அந்தக் கிராமத்து மக்கள். இது சாதாரண விஷயமல்ல.

ஒரு பெண்ணுக்கு இதனால் கிடைத்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் கட்டிக் கொடுத்து அனுப்பப்பட்ட ஊரில் அவளுக்கு இருப்பதெல்லாம் கணவன் வீட்டு மனிதர்கள். எல்லோரும் அவளுக்கு மேலே. அந்த ஊரில் ஒரு மிதானின் கிடைத்துவிட்டால், தனக்குச் சமமான ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று அர்த்தம். வயிற்று வலியைச் சொல்லலாம், மாமியாரைப் பற்றிப் புலம்பலாம், அவசரத்துக்குக் கைமாற்றாக அரிசி வாங்கலாம். அந்த வீட்டுக்குப் போய்வர யாரும் தடை சொல்ல முடியாது, ஏனென்றால் ஊர் சாட்சியாகச் செய்துகொண்ட உறவு அது. புகுந்த வீட்டில் அவளுடைய சந்தோஷத்தின் பெரும்பங்கு அந்த ஒரு வாசலைச் சார்ந்தே இருந்திருக்கும்.

சத்தீஸ்கரோடு நின்றுவிடுகிற வழக்கமும் அல்ல இது. ஜார்க்கண்டில் இதையே 'சஹியா' என்கிறார்கள். ஆதிவாசிகளுக்கும் பக்கத்தில் குடியிருக்கும் மற்றச் சாதியாருக்கும் இடையே பாலமாக இருந்த உறவு. ஒடிசாவில் மகர சங்கராந்தி அன்று, பச்சரிசியோடு வெல்லம், தேங்காய், பழம் பிசைந்த 'மகர சாவுல'வை ஊட்டிக்கொண்டு 'மகர' ஆகிறவர்கள் இருக்கிறார்கள். வங்காளத்துப் பெண்கள் 'சொய்' உறவு பூண்டு, ஒருவரையொருவர் கங்கா தீர்த்தம் என்றும் மகிழம்பூ என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். 1903ல் நூலாக வந்த தாகூரின் 'சோக்கேர் பாலி' நாவலின் தலைப்பே அப்படிப்பட்ட ஒரு செல்லப் பெயர்தான். கதையில் வரும் வினோதினியும் ஆஷாவும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அந்தப் பெயருக்குக் கண்ணில் விழுந்த மணல் என்று பொருள். பூவும் தீர்த்தமும் வழக்கமாக இருந்த இடத்தில் உறுத்துகிற ஒன்றை அந்தப் பெண்கள் தேர்ந்தெடுத்தபோதே, இந்த நட்பு எங்கே போய் முடியும் என்பது அன்றைய வங்க வாசகர்களுக்குப் புரிந்திருக்கும்.

நேபாளத்தில் இது 'மித்' எனப்படுகிறது. அங்கே சட்டதிட்டம் இன்னும் கறார். மித் ஆனவர்களின் பிள்ளைகள் உடன்பிறந்தவர்களுக்குச் சமம். அவர்களுக்குள் கல்யாணம் கூடாது. மித் இறந்தால் துக்கம் காக்க வேண்டும். பெயரை உச்சரிக்கக் கூடாது. மலைப்பாதைகளில் நாள்கணக்காக நடந்து வியாபாரம் செய்தவர்களுக்கு, வேற்று இனத்தார் வாழும் பள்ளத்தாக்கில் ஒரு மித் இருந்தால் இரவு தங்க ஒரு கூரை உண்டு. 1957ல் ஃபெர்டினாண்ட் ஒகாடா என்ற ஆய்வாளர் இந்த வழக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், பல இனங்களாகப் பிரிந்து கிடந்த நேபாளச் சமூகத்தை ஒட்டவைக்கும் பசை இது என்ற கருத்தை முன்வைத்தார்.

அரண்மனை வரைக்கும் போன கதையும் உண்டு. நேபாளத்தை ஒன்றாகச் சேர்த்த கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா, இளவரசராக இருந்தபோது பக்தபூர் மன்னர் ரணஜித் மல்லரின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அந்த நாள்களில் மன்னரின் மகன் வீர நரசிம்மருடன் மித் உறவு பூண்டார் என்கின்றன நேபாள வரலாறுகள். பிறகு அதே பிருத்வி நாராயண் படை திரட்டிப் பள்ளத்தாக்கை வளைத்தார். 1768ல் காத்மாண்டு விழுந்தது, 1769ல் பக்தபூரும் விழுந்தது. பள்ளத்தாக்கின் மூன்று அரசர்களில் காத்மாண்டு மன்னர் ஜயப்பிரகாஷ் மல்லர் காயத்தால் இறந்தார், பாட்டன் மன்னர் சிறையில் கிடந்தார். ரணஜித் மல்லருக்கு மட்டும் மரியாதை கிடைத்தது. அவர் விருப்பப்படியே காசிக்குப் போக அனுமதிக்கப்பட்டார். மித்தின் தந்தை தனக்கும் தந்தை என்பதால் அப்படிச் செய்தார் என்பது இன்றும் சொல்லப்படும் காரணம். ராஜ்யத்தைப் பிடுங்கிக்கொண்ட ஒருவரை அந்த ஒரு சடங்கு இவ்வளவுக்காவது கை நடுங்க வைத்திருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களிலும் இந்தச் சடங்கு நட்பு தலைகாட்டுகிறது. மத்திய மாகாணத்தின் குலங்களையும் சாதிகளையும் பற்றி ஆர். வி. ரஸ்ஸலும் ராய் பகதூர் ஹீராலாலும் 1916ல் வெளியிட்ட தொகுதிகளில் இது வருகிறது. ராஞ்சியில் வழக்கறிஞராக இருந்து மானுடவியலுக்கு வந்த சரத் சந்திர ராய் ஒராவோன் பழங்குடியினரிடம் இதைக் கண்டு எழுதினார். 1939ல் பைகா மக்களைப் பற்றிப் பெரிய நூல் கொண்டுவந்த வெரியர் எல்வினும் பதிவு செய்தார். ஆனாலும் பல காலம் இதை உறவுமுறையின் ஒட்டுக்கிளையாகவே பேசிவந்தார்கள். 2010ல் வெளியான, நட்பைப் பற்றிய ஒரு மானுடவியல் தொகுப்பில் அமித் தேசாய் எழுதிய கட்டுரைதான், மத்திய இந்தியாவின் இந்தச் சடங்கு நட்புக்கு வேர் பாசமே என்பதைத் தலைப்பிலேயே சொன்னது. இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது.

குறையில்லாத வழக்கம் என்று தூக்கி வைக்கவும் முடியாது. சாதியைத் தாண்டிய நட்பு பெரும்பாலும் தண்ணீர் புழங்கக்கூடிய சாதிகளுக்குள்ளேயே நடந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கதவு எளிதில் திறக்கவில்லை. சத்நாமி நெறியை உருவாக்கிய குரு காசிதாஸ் பற்றி ஒரு கதை சொல்வார்கள். சமார் குலத்தில் பிறந்த அவர் புரிக்கு யாத்திரை கிளம்பி, பாதி வழியில் சாரங்கட் என்ற ஊரிலிருந்து சத்நாமத்தைச் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாராம். எல்லோருக்கும் பொதுவான சோறு என்று பெயரெடுத்த கோயிலின் வாசல் அவர் பிறந்த குலத்துக்கு மூடியே இருந்தது. மகாபிரசாதத்தின் மேன்மையைப் பேசுகிறவர்கள் சாரங்கட்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

காலமும் மாறிவிட்டது. 1959ல் பிலாயில் உருக்காலையின் முதல் ஊதுலை எரியத் தொடங்கியது. பல மாநிலத்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். நெல் அறுப்பு முடிந்ததும் கூலி தேடி வெளியூர் போகும் குடும்பங்கள் பெருகின. சடங்கு செய்து மிதான் ஆகிறவர்கள் இளம் தலைமுறையில் குறைவு. ராய்ப்பூர், பிலாஸ்பூர் செய்தித்தாள்கள் போஜலி நாளை 'சத்தீஸ்கரின் ஃபிரெண்ட்ஷிப் டே' என்று எழுதுகின்றன. ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை கட்டுகிற வண்ணக் கயிறோடு அதைச் சேர்த்துப் பேசுவது பொருத்தமாக இல்லை. கயிறு கட்டியவர்கள் மறுவருடம் யார் யாரென்று கேட்கப்படுவதில்லை.

ஆனால் அந்தப் பெயர் எதிர்பாராத ஓரிடத்தில் மறுபடியும் உயிர் பெற்றது. 2000 நவம்பர் 1 அன்று சத்தீஸ்கர் தனி மாநிலமானது. காடும் மலையுமான அந்த மாநிலத்தில் போதிய டாக்டர்கள் இல்லை, இருந்த ஆரம்ப சுகாதார நிலையங்களும் பல கிலோமீட்டர் தள்ளி. 2002ல் அரசும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. ஒவ்வொரு குடியிருப்பிலும் பெண்களே கூடி, தங்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்கள். அவளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதாரப் பணியை ஒப்படைப்பார்கள். அவளுக்கு என்ன பெயர் வைப்பது? 'மிதானின்' என்று வைத்தார்கள். இந்தத் திட்டத்தைத் தாங்கி நின்ற மாநில சுகாதார வள மையத்துக்கு 2002 முதல் 2007 வரை தலைமை ஏற்றவர், புதுச்சேரி ஜிப்மரில் பேராசிரியராக இருந்தவரும் அறிவொளி, அறிவியல் இயக்கங்களில் உழைத்தவருமான டாக்டர் தி. சுந்தரராமன்.

பெயர் பாதி வேலையைச் செய்தது. நர்ஸ் என்றோ ஊழியர் என்றோ வந்திருந்தால் மாமியார்கள் திண்ணையோடு அனுப்பியிருப்பார்கள். மிதானினுக்கு அடுப்படி வரை வழி உண்டு. பிள்ளை பிறந்த வீட்டுக்கு அன்றைக்கே போவாள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் குழந்தைக்கு உடனே கொடுக்கச் சொல்வாள். பேதி கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்கக் கற்றுக் கொடுப்பாள். காய்ச்சல் என்றால் மலேரியா பரிசோதனைக்கு அழைத்துப் போவாள். சொல்பவள் அதிகாரியாக இல்லாமல் சமமான ஒருத்தியாக இருந்ததால் கேட்டார்கள். சில ஆண்டுகளிலேயே மிதானின்களின் எண்ணிக்கை 60,000ஐ எட்டியது. இன்று சுமார் 70,000. 2005ல் மத்திய அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்த ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர் திட்டத்துக்கு முன்மாதிரிகளில் முக்கியமானது இதுதான். ஜார்க்கண்டிலோ ஆஷா பணியாளரையே 'சஹியா' என்கிறார்கள். இரண்டு மாநிலங்களும் தங்கள் பழைய சிநேகிதச் சடங்கிலிருந்தே அரசாங்கப் பதவிக்குப் பெயர் எடுத்துக்கொண்டன.

2018ல் பிரிட்டன் தனிமையைச் சமாளிக்க ஓர் அமைச்சரை நியமித்தபோது உலகப் பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாக்கின. 1938ல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு ஆய்வு, மனிதனின் சந்தோஷத்துக்கும் உடல் நலத்துக்கும் நல்ல உறவுகளே முக்கியமான துணை என்று கண்டிருப்பதையும் இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். தோழியும் உடல் நலமும் ஒரே முடிச்சு என்பதை அந்த அமைச்சர் பதவிக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே செயலில் காட்டிய சத்தீஸ்கர் பெண்களை மட்டும் யாரும் நினைவுகூரவில்லை.

ஒரு வருத்தம் இதில் மிச்சமிருக்கிறது. தோழி என்று பெயர் வைத்ததாலேயே அவளுக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை என்று தொடக்கத்தில் முடிவு செய்துவிட்டார்கள். தன்னார்வத் தொண்டு என்றார்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு என்று ஊக்கத்தொகை வந்தது. அதுவும் மாதம் தவறி வரும். நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், விடிய விடியக் காத்திருந்துவிட்டு, மறுநாள் களையெடுக்கப் போகிற பெண்ணுக்கு இது போதாது. மிதான் உறவின் அடிப்படை விதி, கொடுத்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது. ஊர்ப் பெண்களுக்கும் மிதானினுக்கும் இடையே அந்த விதி நடந்தது. அரசு பெயரை எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டது. மிதானின்கள் அதைத்தான் ராய்ப்பூரில் பலமுறை கூடி, வேலைநிறுத்தம் செய்து கேட்டார்கள். 2023 மார்ச்சில் தாக்கலான பட்ஜெட்டில், ஊக்கத்தொகை போக மாதம் 2,200 ரூபாய் மதிப்பூதியம் மாநில நிதியிலிருந்து தரப்படும் என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் போராட்டப் பந்தலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.